பிழையும் திருத்தமும்

ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்துத் தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும். தலைப்பு 'பிழையும் திருத்தமும்'. பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நாலு கட்டம். பாரம் (ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்கள்) அச்சாகி முடிந்த பிறகு ஒரு தப்பு கண்ணில் பட்டால் மறுபடி அடிக்க முடியாது. காகிதமும் போகும், கூலியும் போகும். அதனால் பதிப்பித்தவரே தன் தப்புகளைப் பொறுக்கியெடுத்து, வரிசை போட்டு, புத்தகத்தோடு சேர்த்துத் தைத்து வாசகர் கையில் கொடுத்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்து யாரும் புத்தகத்தைக் கீழே வைத்ததில்லை. இவர் கவனமாகப் பார்த்திருக்கிறார் என்ற மதிப்புதான் கூடும்.

எழுத வருகிறவர்கள் தன்னம்பிக்கை என்று எதைத் தேடுகிறார்களோ அது இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். 'என் எழுத்தில் தப்பே வராது' என்ற தைரியம் யாருக்கும் வந்துவிடாது. 'தப்பு வரும், வந்தால் எனக்குத் தெரியும், தெரிந்தால் திருத்திவிடுவேன்' என்ற தைரியம் வரும். அதற்குப் பிறவித் திறமை வேண்டாம். நோட்டு, பென்சில், கொஞ்சம் பொறுமை போதும்.

சென்னையில் தமிழில் எழுத ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒரே வாக்கியம்: 'எனக்கு எழுத வராதுங்க.' இந்த வாக்கியத்துக்குள் மூன்று தனித்தனி பயங்கள் ஒளிந்திருக்கின்றன. எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்பது ஒன்று. எந்தத் தமிழில் எழுதுவது என்ற குழப்பம் இன்னொன்று. நான் சொல்ல என்ன இருக்கிறது என்ற கூச்சம் மூன்றாவது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டால் கழுத்து நிமிராது. பிரித்து வைத்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வைத்தியம் இருப்பது தெரியும்.

முதலில் எழுத்துப் பிழை. ஆங்கிலவழிப் பள்ளியில் படித்து, தமிழைப் பத்தாம் வகுப்போடு விட்டவர்களுக்கு இது பெரிய மலையாகத் தெரியும். கிட்டத்தில் போனால் மலை சின்னது. ஒருவர் செய்கிற பிழைகள் நூறு வகை கிடையாது. ஏழெட்டு வகைதான், அவையே திரும்பத் திரும்ப வரும். உங்கள் ஏழெட்டு எவை என்று தெரியாத வரைதான் பயம். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, பழைய புத்தகத்தில் இருப்பது போலவே நாலு கட்டம் போடுங்கள். பக்கம், வரி என்ற இரண்டு கட்டங்களுக்குப் பதில் தேதி, கட்டுரை. மற்ற இரண்டும் அப்படியே: பிழை, திருத்தம். எழுதியதை யாராவது திருத்திக் கொடுத்தாலோ நீங்களே கண்டுபிடித்தாலோ அங்கே ஏற்றுங்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் பட்டியல் தானாக வகைப்பட்டிருக்கும்.

பெரும்பாலானோர் நோட்டில் என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். 'சுவற்றில்' வரும். ஊரெல்லாம் மதிலில் 'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து அதுவே சரி என்று கண் பழகிவிட்டது. சொல் 'சுவர்', அதனால் 'சுவரில்'. 'முயற்சித்தான்' வரும், 'முயன்றான்' போதும். முந்நூறு என்று எழுத வேண்டிய இடத்தில் 'முன்னூறு' வரும். நினைவுகூர்வதற்குப் பதில் 'நினைவு கூறுவது' வரும். 'மாடுகள் மேய்ந்தது' என்று பன்மையும் ஒருமையும் மோதும். இவையெல்லாம் ஒருமுறை தெரிந்துகொண்டால் ஆயுளுக்கும் தீர்ந்த கணக்கு.

தீராதது ஒற்று. க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்பது. இதற்காக இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்து நாலாம் நாள் கைவிடுகிறவர்கள் நிறைய. வேண்டாம். இதை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் மிகும் (அந்தப் பையன்). 'ஐ' உருபுக்குப் பின் மிகும் (கதையைப் படித்தாள்). 'கு' உருபுக்குப் பின் மிகும் (கடைக்குப் போனாள்). 'ஆக', 'ஆய்' என்று முடியும் சொல்லுக்கும் 'போய்' என்பதற்கும் பின் மிகும் (வேகமாகச் சொன்னாள், போய்ப் பார்த்தாள்). 'படித்த பெண்', 'வந்த பேருந்து' போல ஒரு வினை பெயரைத் தழுவி நிற்கும் இடத்தில் மிகாது. 'அவனோடு பேசினாள்', 'வீட்டில் படித்தாள்' இரண்டிலும் மிகாது. அன்றாட உரைநடையில் வரும் இடங்களில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும். மிச்சத்தை நோட்டு கற்றுக்கொடுக்கும்.

கணினிக் கருவிகளும் உண்டு. நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்குபவர் உருவாக்கிய 'வாணி' எழுத்துப் பிழைகளையும் 'நாவி' சந்திப் பிழைகளையும் காட்டும். ஊர்ப்பெயர், ஆள்பெயர், பேச்சுமொழி வரும்போது இவை தடுமாறும். அந்த இடங்களில் உங்கள் தீர்ப்புதான் செல்லும். ஒரு சொல் இன்றைய தமிழில் எப்படிப் புழங்குகிறது என்று பார்க்க க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி கையருகே இருக்கட்டும். 1992இல் முதலில் வந்தது, பின்னால் இரண்டு முறை விரிவுபட்டிருக்கிறது. பழைய இலக்கியச் சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி. ஆனால் ஒரு கட்டுப்பாடு: முதல் பிரதி எழுதும்போது இவை எதையும் திறக்கக் கூடாது. சிவப்புக் கோடு கண்ணில் பட்டதும் கை பின்னோக்கிப் போகும், போன கை வாக்கியத்தின் நூலை விட்டுவிடும். எழுதுகிற நாள் வேறு, திருத்துகிற நாள் வேறு.

தட்டச்சைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம், பலர் கவனிக்காத காரணம் இது. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைக்கிற முறையில் ஒவ்வொரு சொல்லையும் மனசுக்குள் ஆங்கில எழுத்தாக மாற்ற வேண்டியிருக்கிறது. 'ழ'வுக்கு எது, 'ண'வுக்கு எது என்று யோசிக்கிற ஒவ்வொரு முறையும் சிந்தனை அறுகிறது. அந்தத் தடங்கலை 'எனக்கு எழுத்து ஓடவில்லை' என்று தப்பாகப் புரிந்துகொள்கிறோம். 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்து ஒருபக்கம், மெய் ஒருபக்கம். 'க'வை இருமுறை தட்டினால் 'க்க' தானாக வரும். 'ந', 'த' என்று தட்டினால் 'ந்த' வரும். தினம் இருபது நிமிடம் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் விரல் பழகும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பயம் இன்னும் ஆழமானது. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது வேறு தமிழ். வீட்டில் 'வந்துட்டேன்' என்கிறவர் தாளில் 'வந்துவிட்டேன்' என்று எழுதும்போதே கொஞ்சம் வேறு ஆளாகிவிடுகிறார். அந்த வேறு ஆளுக்கு மேடைப் பேச்சாளர் குரல் வந்துவிடுகிறது. சென்னைக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு சுமை: 'மெட்ராஸ் பாஷை' என்று சினிமாவிலும் பட்டிமன்றத்திலும் கிண்டல் கேட்டே வளர்ந்தவர்கள். நாஷ்டா, பேஜார், துட்டு, நைனா என்று வீட்டில் இயல்பாகப் புழங்கும் சொற்களை எழுதக் கை கூசும். கூச வேண்டியதில்லை. உருது, தெலுங்கு, டச்சு என்று இந்தத் துறைமுகத்தில் இறங்கிய மொழிகளெல்லாம் விட்டுப்போன தடம் அது. சென்னைச் சேரி மக்களின் பேச்சைக் கதைக்குள் துணிந்து கொண்டுவந்த ஜெயகாந்தனுக்குத்தான் ஞானபீடம் கிடைத்தது.

குரலைப் பிடிக்க ஒரு நல்ல வழி, எழுதும் முன் சொல்லிப் பார்ப்பது. போனில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, உங்கள் அக்காவிடமோ நண்பரிடமோ சொல்வதாக நினைத்து மூன்று நிமிடம் பேசுங்கள். ஒருநாள் விட்டு அதைக் கேட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். பிறகு 'வந்துட்டேன்'களை 'வந்துவிட்டேன்' ஆக்குங்கள், ஆனால் சொல் வரிசையை மட்டும் தொடாதீர்கள். உங்கள் குரல் இருப்பது அந்த வரிசையில். நேராகத் தாளில் எழுதினால் 'அவர் ஒரு சிறந்த மனிதராக எல்லோராலும் அறியப்பட்டார்' என்று வரும். பேசினால் 'அந்தத் தெருவுல அவரப் பத்தி ஒரு சொல் தப்பாப் பேசினவங்க இல்ல' என்று வரும். முதல் வாக்கியம் ஆங்கிலத்தில் யோசித்தது. அதில் உள்ள 'ஒரு'வும் 'ஆல்'உம் 'பட்டார்'உம் அதற்குச் சாட்சி. இரண்டாவதைத் தெருவுல, இல்ல போன்றவற்றை மட்டும் நேராக்கி அப்படியே அச்சுக்கு அனுப்பலாம்.

விவரிப்பு எழுத்துத் தமிழில், உரையாடல் பேச்சுத் தமிழில் என்று ஒரு முடிவை முதல் பக்கத்திலேயே எடுத்துவிடுங்கள். விவரிப்பும் பேச்சுத் தமிழில் இருக்கலாம், தப்பில்லை. பாதியில் மாறினால்தான் வாசகர் தடுக்கி விழுவார்.

மூன்றாவது பயம், சொல்ல என்ன இருக்கிறது என்பது. இதற்கு உபதேசத்தைவிட ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்பது உதவும். புதிதாக எழுதுகிறவர் ஒருவரின் முதல் பிரதி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

'மாலை நேரம். மெரினா கடலில் சூரியன் மெல்ல மறைந்துகொண்டிருந்தது. மக்கள் கூட்டம் அலைமோதியது. சுண்டல் விற்கும் ஒரு சிறுவன் சோகத்துடன் நடந்துகொண்டிருந்தான். அவன் மனதில் ஆயிரம் எண்ணங்கள் ஓடின.'

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எழுதியவருக்கே இது பிடிக்காது, ஏன் என்று தெரியாமல் 'எனக்கு வராது' என்று மூடிவைத்துவிடுவார். காரணங்கள் வெளிப்படையானவை. மெரினா கிழக்குக் கரை. கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. மாலையில் அது நம் முதுகுக்குப் பின்னால் கட்டடங்கள் பக்கம் இறங்கும். எழுதியவர் எத்தனையோ முறை மெரினாவில் உட்கார்ந்திருப்பார். இந்த வாக்கியம் அந்த அனுபவத்திலிருந்து வரவில்லை, படித்த எதிலிருந்தோ வந்திருக்கிறது. 'கூட்டம் அலைமோதியது' செய்தித்தாளுடையது. 'சோகத்துடன்' என்பது பையன் முகத்தைப் பார்க்காமல் மேலே ஒட்டிய சீட்டு. 'ஆயிரம் எண்ணங்கள்' என்று எழுதியவருக்கு அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது, தெரிந்திருந்தால் அந்த ஒன்றை எழுதியிருப்பார்.

இனி அதே ஆள், அதே கடற்கரை, அடுத்த நாள்:

'விளக்கு போட்டுவிட்டார்கள். தூக்கில் சுண்டல் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. காந்தி சிலைக்கும் தண்ணீருக்கும் நடுவே பையன் மூன்றாவது முறையாக நடந்தான். தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல் என்று கூவுவதை நிறுத்திவிட்டு, உட்கார்ந்திருக்கிறவர்களின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனான்.'

சோகம் என்ற சொல் போய்விட்டது, விற்காத சுண்டல் வந்துவிட்டது. இதில் புதிய சொல் வளம் எதுவும் இல்லை. முதல் பிரதி எழுதியவருக்குத் தெரியாத ஒரு விவரமும் இல்லை. சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்தவரிடம் இத்தனை இருந்தது. பொதுச்சொற்கள் மேலே மூடியிருந்தன. ஒவ்வொரு பொதுச்சொல்லையும் பென்சிலால் வட்டமிட்டு 'இதை எதில் பார்த்தேன்?' என்று கேளுங்கள். பதில் ஒரு பொருளாக, ஒரு செயலாக, ஓர் இடமாக வந்தால் அதை எழுதுங்கள். பதிலே வராவிட்டால் வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

இப்படித் திருத்துவதற்குப் பெயர் சூட்டப்பட்ட பட்டியல் ஒன்று எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் பத்துக் குற்றம், பத்து அழகு என்று அடுக்குகிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்த வரிகள். மேசை எதிரே ஒட்டிவைத்துக்கொண்டு திருத்தும்போது பாருங்கள், எவ்வளவு கூர்மையான கருவி என்று தெரியும். 'நல்லா இல்ல' என்ற மூட்டமான வருத்தத்தால் ஒரு பயனும் இல்லை. 'இந்தப் பத்தி மற்றொன்று விரித்தல்' என்று பெயர் சொல்ல முடிந்தால் கத்தரி எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும். அழகுகளில் 'உலகம் மலையாமை' என்று ஒன்று உண்டு, உலக நடப்போடு முரண்படாமை. மெரினாவில் சூரியனை மறைய வைத்தவர் தவறவிட்டது அதைத்தான்.

புதியவர்களிடம் அதிகம் காண்பது 'சென்று தேய்ந்து இறுதல்'. தொடக்கம் ஜோராக இருக்கும், போகப் போக மெலிந்து, கடைசிப் பக்கம் அவசரமாக முடிந்திருக்கும். காரணம் எளிது: ஒவ்வொரு முறை உட்காரும்போதும் முதல் வரியிலிருந்து படித்துத் திருத்துகிறோம். முதல் பக்கம் பத்துமுறை மெருகு ஏறியது, கடைசிப் பக்கம் ஒருமுறை எழுதியதோடு சரி. திருத்தும் நாளில் கடைசிப் பக்கத்தை முதலில் எடுங்கள்.

எவ்வளவு எழுதுவது? வாரம் ஐந்து நாள், நாளுக்கு 150 சொல். நோட்டில் ஏறக்குறைய ஒரு பக்கம். எட்டு வாரத்தில் 6,000 சொல் சேரும். அது மூன்று நாலு சிறுகதைக்கான கச்சாப்பொருள். தினம் ஆயிரம் சொல் என்று சபதம் போடுகிறவர்கள் பத்தாம் நாள் விட்டுவிடுகிறார்கள், விட்டதே தங்கள் திறமைக் குறைவுக்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சபதம்தான் பெரிதாகிவிட்டது, கை ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் இடமில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதி இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சுற்றிலும் தலைகுனிந்திருக்க, நாமும் தலைகுனிந்து எழுதிவிடலாம்.

மாதத்தில் ஒருநாள் வேறு ஒரு வேலை செய்யுங்கள். நூலகத்தில் ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய பத்திரிகை இதழ்களைக் கேட்டு வாங்கி, முன்னட்டை முதல் பின்னட்டை வரை புரட்டுங்கள். பழைய இதழ்களைப் பாதுகாப்பதில் தரமணி ரோஜா முத்தையா நூலகம் பெரிய களஞ்சியம். பின்னால் புகழ்பெற்ற ஒரு கதை எந்த இதழில் வந்ததோ, அதே இதழில் இன்று யாருக்கும் பெயர் தெரியாத கதைகளும் வந்திருக்கும். சில சுமார், சில நன்றாகவே இருக்கும். நம் தயக்கத்தின் பெரும்பகுதி ஒரு தப்பான தராசிலிருந்து வருகிறது: அரை நூற்றாண்டு சலித்து எடுத்த தொகுப்பை ஒரு தட்டிலும், நேற்று ராத்திரி எழுதிய முதல் பிரதியை மறு தட்டிலும் வைக்கிறோம். சலிக்காத பழைய இதழைப் பக்கத்தில் வைத்தால் முள் வேறு இடத்தில் நிற்கும்.

படித்துச் சொல்ல ஆட்கள் வேண்டும், மூன்று பேர் போதும். ஒருவர் நிறையப் படிக்கிறவர், எழுதாதவர். ஒருவர் எழுதுகிறவர். மூன்றாமவர் உங்கள் விஷயம் தெரிந்தவர். மீன்பிடிப் படகைப் பற்றி எழுதினால் காசிமேட்டில் ஒருவர். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் 'சூப்பர் தோழர்' என்றும் கைகூப்பும் படங்களும் வரும், அன்பு உண்மைதான், ஆனால் நோட்டில் ஏற்ற ஒன்றும் கிடைக்காது. 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். அச்செடுத்த தாளும் பென்சிலும் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கே போனை எடுக்கத் தோன்றியது? எந்த இடம் இரண்டாம் முறை படித்துத்தான் புரிந்தது? மூடிவைத்த பிறகு நினைவில் நிற்பது எது? இரண்டு பேர் ஒரே இடத்தில் கோடு போட்டால் அங்கே கோளாறு நிச்சயம். அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் சொல்லும் யோசனையை ஏற்க வேண்டும் என்றில்லை. வலி எங்கே என்று நோயாளிக்குத்தான் தெரியும், மருந்து எழுத வேண்டியது வேறு ஆள். மூன்றாவது கேள்விக்கான பதிலை நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிவாருங்கள். பிழைப் பட்டியலுக்கு எதிர்ப்பட்டியல் அது. அதையும் நாணயமாகப் பதிய வேண்டும்.

இலக்கியக் கூட்டத்தில் வாசிக்க வாய்ப்பு வந்தால், ஐந்து நிமிடத்துக்கு 400 சொல்லுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். பெரிய எழுத்தில் அச்செடுத்து, மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் சாய்கோடு போட்டுக்கொள்ளுங்கள். போனைப் பார்த்து வாசித்தால் குரல் தரையைப் பார்க்கும்.

பத்திரிகைக்கு அனுப்பும்போது நோட்டில் இன்னொரு பக்கம் திறக்க வேண்டும்: படைப்பு, எங்கே அனுப்பியது, எந்தத் தேதி, என்ன பதில், அடுத்து எங்கே. கடைசிக் கட்டத்தை அனுப்பும் அன்றே நிரப்பிவிடுங்கள். திரும்பி வந்த பிறகு யோசித்தால் மனசு வராது. பல இதழ்கள் ஏற்காத படைப்புக்குப் பதில் போடுவதில்லை. மௌனத்தை அவமானமாக எடுத்துக்கொண்டு எழுதுவதையே விட்டவர்கள் உண்டு. அது தீர்ப்பு என்று கொள்ளாதீர்கள். ஒருபக்கக் கதை போடுகிற வார இதழுக்கு எட்டுப் பக்கம் போயிருக்கலாம். தீபாவளிக் கதை தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் போயிருக்கலாம். தீபாவளி மலரின் வேலை அதற்கு வெகுநாள் முன்பே முடிந்திருக்கும். எழுத்துரு திறக்காமல் கட்டம் கட்டமாகத் தெரிந்திருக்கலாம், அதனால் ஒருங்குறியில் (யூனிகோடு) மட்டும் அனுப்புங்கள். மூன்று மாதம் பொறுங்கள், பதில் இல்லை என்றால் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு மட்டும் அனுப்பக் கூடாது. இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் மூடும்.

அச்சில் வந்துவிட்டால், படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பி முடித்த பிறகு, ராத்திரி அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வந்த பக்கத்தையும் நீங்கள் அனுப்பிய பிரதியையும் அடுத்தடுத்து வைத்து, வரி வரியாக ஒப்பிடுங்கள். ஆசிரியர் ஒரு பத்தியை எடுத்திருப்பார், ஒரு 'மிகவும்' போயிருக்கும், இரண்டு ஒற்று சேர்ந்திருக்கும், நீங்கள் சரியாக எழுதிய ஒன்று அச்சில் தப்பாகவும் வந்திருக்கும். நாலு கட்டத்திலும் ஏற்றுங்கள், அச்சின் தப்பு உட்பட. தேதி, கட்டுரை, பிழை, திருத்தம்.